நான்காவது வாரம் ஆகிறது, வலது பக்க இம்ப்ளாண்ட் மட்டும் இறங்கவில்லை

மாடித்தோட்டம் (திங்கள், இரவு 11:40)

வணக்கம் தோழிகளே. ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வயது 36, இரண்டு பிள்ளைகள், இருவருக்கும் தாய்ப்பால் கொடுத்தேன். அப்புறம் உடம்பு இளைத்ததில் மார்பு சுத்தமாக வற்றிவிட்டது. வருடக்கணக்கில் யோசித்து, சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்து, சென்னையில் மார்பில் இம்ப்ளாண்ட் வைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். இப்போது நான்காவது வாரம்.

விவரம் கேட்பீர்கள் என்று நானே எழுதிவிடுகிறேன். வட்ட வடிவ சிலிக்கான், மேல்பரப்பு வழவழப்பானது. இடது 275 சிசி, வலது 300 சிசி. வலதுபுறம் முதலிலிருந்தே கொஞ்சம் சிறியது என்பதால் அப்படி. மார்புக்குக் கீழே உள்ள அடிமடிப்பில் வெட்டு. மேல்பாதி தசைக்கு அடியில், கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியில். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'டூயல் பிளேன்' என்று இருக்கிறது.

இடதுபுறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. வலதுபுறம் மட்டும் கழுத்தெலும்புக்குக் கீழே பந்து மாதிரி முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே புடைப்பு, கீழே தட்டை, காம்பு தரையைப் பார்க்கிறது. சட்டை போட்டால் அவ்வளவாகத் தெரியாது, கண்ணாடி முன் நின்றால் ஒரே அழுகை. கையைத் தூக்கினால் உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம் வேறு.

ரிவ்யூவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. போன் செய்தால் ரிசப்ஷனில் "நார்மல்தான் மேடம்" என்கிறார்கள். நிஜமாகவே நார்மல்தானா? இல்லை, தப்பான இடத்தில் வைத்துவிட்டார்களா? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

ஈரோட்டுக்காரி (திங்கள், இரவு 11:58)

எனக்கு ஆகியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நீங்கள் வலது கைக்காரரா? எனக்கும் வலதுதான் அடம் பிடித்தது. அதிகம் வேலை செய்கிற கைப் பக்கத்துத் தசை முறுக்காக இருக்கும், அது விட்டுக்கொடுக்க நேரம் எடுக்கும் என்றார் என் டாக்டர். மூன்றாவது மாதத்தில்தான் இரண்டும் ஒரு மட்டத்துக்கு வந்தன. முதல் மாதம் எடுத்த படங்களை இப்போது பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. நிம்மதியாகத் தூங்குங்கள். மல்லாந்துதான்!

வார்டு சிஸ்டர் (செவ்வாய், காலை 6:15)

நான் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யாரும் "நார்மல்" என்று சொல்வதற்கு முன்னால் இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள் அம்மா.

காய்ச்சல், குளிர் நடுக்கம் உண்டா? அந்தப் பக்கம் மட்டும் சிவந்து சூடாக இருக்கிறதா? தையலில் நீர், சீழ் கசிகிறதா? வலி நாளுக்கு நாள் குறைகிறதா, ஏறுகிறதா? மேலே நிற்பது ஆரம்பத்திலிருந்தே அப்படியா, இல்லை நன்றாக இருந்து திடீரென்று மாறியதா? கெண்டைக்காலில் வலி, மூச்சு வாங்குதல்?

இன்னொன்று. வீட்டில் துணி யார் காயப்போடுகிறார்கள்? தண்ணீர் கேனை யார் தூக்குகிறார்கள்? இதற்கும் உண்மையான பதில் வேண்டும்.

மாடித்தோட்டம் (செவ்வாய், காலை 9:30)

சிஸ்டர், காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, தையல் காய்ந்துவிட்டது. வலி குறைந்துகொண்டுதான் வருகிறது. முதல் நாளிலிருந்தே வலது மேலேதான். கால் வலி, மூச்சுத் திணறல் எதுவும் இல்லை.

கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். மாமியாரிடம் "மார்பில் சின்னக் கட்டி, எடுத்தாயிற்று" என்று சொல்லிவைத்திருக்கிறோம். கட்டி எடுத்தவள் இரண்டு வாரத்தில் எழுந்து நடமாட வேண்டும் என்பது அவர் கணக்கு. போன வாரத்திலிருந்து மாடியில் துணி நான்தான் காயப்போடுகிறேன், கொடி உயரத்தில் இருக்கிறது. சின்னவனை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விடுவதும் நான்தான். கேனைக் கணவர் தூக்கிவிடுவார்.

வார்டு சிஸ்டர் (செவ்வாய், காலை 9:52)

கொடியில் துணி போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஸ்கூட்டரையும்தான். பள்ளத்தில் சடக்கென்று பிரேக் பிடிக்கும்போது கையை ஊன்றித் தாங்குவது நெஞ்சுத் தசைதான். நீங்கள் தளரட்டும் என்று காத்திருக்கும் அதே தசைக்கு நாள் முழுக்க வேலை கொடுத்தால் அது எப்படித் தளரும்?

மாமியாரிடம் புதுக்கதை எதுவும் வேண்டாம். "ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது, எடை தூக்கக் கூடாதென்று டாக்டர் கண்டித்துவிட்டார்" என்று கணவர் சொல்லட்டும். அது பொய்யும் இல்லை. இந்த ஆபரேஷனை மறைத்து வைக்கிற பெண்கள்தான் ஓய்வில்லாமல் அவஸ்தைப்படுகிறார்கள். எத்தனையோ பேரை வார்டில் பார்த்துவிட்டேன்.

தையல்காரர் (செவ்வாய், மதியம் 2:10)

நான் பிளாஸ்டிக் சர்ஜன். உங்களைப் பரிசோதிக்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் சர்ஜனுக்கு நான் மாற்றும் இல்லை. பொதுவாக உள்ளே என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இம்ப்ளாண்டைத் தசைக்கு அடியில் வைக்கும்போது, பெக்டோராலிஸ் என்னும் நெஞ்சுத் தசையின் கீழ்ப்பக்கப் பிடிப்பை விடுவித்து ஒரு அறை உண்டாக்குகிறோம். வெட்டுப்பட்ட தசை முதல் சில வாரம் இறுகிக்கொண்டு இம்ப்ளாண்டை மேலே தள்ளும். போதாததற்கு வீக்கம். மார்பின் கீழ்ப்பாதித் தோல் இதுவரை இப்படி ஒரு பாரத்தைச் சுமந்ததே இல்லை, அது விரிய நாளாகும். மேலே புடைப்பு, கீழே தட்டை, காம்பு கீழ்நோக்கிப் பார்ப்பது எல்லாம் இந்தக் கட்டத்தின் தோற்றம். வீக்கம் வடிந்து, தசை தளர்ந்து, தோல் இளகும்போது இம்ப்ளாண்ட் இறங்கிக் கீழ்ப்பாதி நிரம்பும். ஆறாவது வாரத்தில் ஓரளவு தெரியும், மூன்றாவது மாதத்தில் பெரும்பாலும் முடிந்திருக்கும். சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

'களக்' சத்தம் அறைக்குள் மிச்சமிருக்கும் காற்றும் நீரும். உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். சுருக் சுருக்கென்று மின்சாரம் பாய்வது போல் வலித்தாலும் பயப்படாதீர்கள், நரம்புகள் திரும்ப உயிர்பெறும்போது அப்படித்தான்.

இதற்கிடையில் உடம்பு இம்ப்ளாண்டைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்றை வளர்க்கும். இது நோயில்லை, எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் உடம்பு இப்படித்தான் வேலி கட்டும். அந்தச் சவ்வு தடித்துச் சுருங்கி இம்ப்ளாண்டை நெரிக்க ஆரம்பித்தால்தான் தொல்லை. கேப்சூலர் கான்ட்ராக்சர் என்போம். பேக்கர் என்ற சர்ஜன் வகுத்த நான்கு படிகளில் அதை அளக்கிறோம்: முதல் படியில் இயல்பான மென்மை, நான்காவதில் கல் போன்ற இறுக்கமும் வலியும் உருமாற்றமும். பெரும்பாலும் சில மாதம் கழித்து, முதல் இரண்டு வருடத்துக்குள் தலைகாட்டும். நான்காவது வாரத்தில் மேலே நிற்பதைப் பார்த்து அந்தப் பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம்.

சரி, எப்போது கவலைப்படுவது? நான் பார்ப்பது போக்கைத்தான். மேலே இருந்தாலும் வாரத்துக்கு வாரம் மில்லிமீட்டராவது நகர்ந்தால் காத்திருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் துளியும் அசையாமல், கூடவே இறுகிக்கொண்டும் வந்தால், அறையின் அடிப்பகுதி போதுமான அளவு விடுபடவில்லையா அல்லது சவ்வு சுருங்குகிறதா என்று சர்ஜன் யோசிப்பார்.

ஒன்று செய்யுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் மருத்துவமனையில் எடுத்த படங்களைக் கேட்டு வாங்குங்கள். நேராக, பக்கவாட்டில், சாய்கோணத்தில் என்று கண்டிப்பாக எடுத்திருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பெங்களூர் மைனா (செவ்வாய், மாலை 5:25)

டாக்டர் சொல்வது எல்லாம் சரி, ஆனால் மசாஜ் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! என் சர்ஜன் இரண்டாவது வாரத்திலிருந்தே செய்யச் சொன்னார், இரண்டு பக்கமும் கீழ்நோக்கி அழுத்தி. யூடியூபில் நிறைய வீடியோ கிடைக்கிறது. ஆன்லைனில் மேல்பக்கம் கட்டுகிற பட்டை ஒன்று விற்கிறார்கள், அதையும் வாங்கிக் கட்டுங்கள். சும்மா காத்திருந்து அழுவதற்குப் பதில் இது நல்லது.

வார்டு சிஸ்டர் (செவ்வாய், மாலை 5:40)

உங்கள் சர்ஜன் உங்கள் உடம்பைப் பார்த்துச் சொன்னார். யூடியூப் இவரைப் பார்க்கவில்லை. பட்டையை மார்பின் குறுக்கே கட்டினால் மேலே நிற்கும் வலது மட்டுமா இறங்கும்? ஏற்கெனவே சரியாக இறங்கிவிட்ட இடதையும் சேர்த்துத் தள்ளும். அது அளவுக்கு மீறி இறங்கினால் யார் தூக்குவது?

பெங்களூர் மைனா (செவ்வாய், மாலை 5:47)

அடேயப்பா, பட்டை கட்டினால் குடியா முழுகிவிடும்? எனக்கு நன்றாகத்தான் வந்தது. அனுபவத்தைச் சொல்லத்தானே இந்தக் குழு?

தையல்காரர் (செவ்வாய், இரவு 9:05)

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மசாஜ் விஷயத்தில் சர்ஜன்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. வழவழப்பான இம்ப்ளாண்டுக்குச் சிலர் சொல்வோம், சிலர் சொல்லமாட்டோம். பலன் உறுதி என்று காட்டும் வலுவான ஆதாரம் இல்லை. சொரசொரப்பான மேல்பரப்பு உள்ளதற்கு மசாஜ் கூடாது, அது திசுவோடு ஒட்டி நிற்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. சொட்டு வடிவ இம்ப்ளாண்டைப் பிசைந்தால் திரும்பிக்கொண்டு மார்பின் வடிவமே கெடும்.

பட்டையும் அப்படித்தான். மேலே நிற்கும் பக்கத்துக்கு மட்டும் அழுத்தம் விழும்படி, எத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்லி நானும் கொடுப்பதுண்டு. அறை என்பது தலையணை உறை மாதிரி. தையல் விட்டுக் கீழே பெரிதாகிவிட்டால் தலையணை ஓரத்தில் போய்க் குமியும், உறையை மறுபடி தைத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே மாடித்தோட்டம், உங்கள் சர்ஜனைக் கேட்காமல் எதுவும் கட்டாதீர்கள், எதையும் அமுக்காதீர்கள். கம்பி வைத்த ப்ராவும் இப்போது வேண்டாம்.

நடுநிலையாளன் (செவ்வாய், இரவு 10:30)

கடவுள் கொடுத்த உடம்பில் கத்தி வைத்துவிட்டு அப்புறம் அழுவானேன்? இதெல்லாம் தேவையா என்று யாருமே கேட்கமாட்டீர்களா?

ஈரோட்டுக்காரி (செவ்வாய், இரவு 10:41)

உங்கள் பெயருக்கும் கருத்துக்கும் சம்பந்தமே இல்லை ஐயா. 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவச மார்பக அறுவைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்களே, அப்போதும் இதே கேள்விதான். மார்பு பெரிதாகித் தோளும் முதுகும் வலித்துக் குறைத்துக்கொள்ள வருபவர்கள், ஒரு பக்கம் வளராமலே போனவர்கள், புற்றுநோயில் இழந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சும்மா தனக்குப் பிடித்ததென்று வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் அவரவர் இஷ்டம். கேள்வி இம்ப்ளாண்ட் ஏன் இறங்கவில்லை என்பது. தெரிந்தால் பதில் சொல்லுங்கள்.

நிர்வாகி (செவ்வாய், இரவு 11:00)

இந்தப் பேச்சு இத்துடன் போதும். தலைப்பை விட்டு விலகும் பதிவுகள் நீக்கப்படும். படங்களை யாரும் பொதுவில் பதிய வேண்டாம்.

சிங்கை மல்லி (புதன், காலை 8:20)

நான் மறுபக்கத்துக் கதை சொல்கிறேன். எனக்கு இறங்கியது நிற்கவே இல்லை.

ஆரம்பத்தில் எல்லாரும் பொறாமைப்படும்படி சீக்கிரமாகவே இறங்கி, மெத்தென்று அழகாக இருந்தது. நாலைந்து மாதம் போனதும் இடதுபுறக் காம்பு மேலே போகிற மாதிரி தோன்றியது. உண்மையில் காம்பு இருந்த இடத்தில்தான் இருந்தது, உள்ளே இருப்பது கீழே போய்க்கொண்டிருந்தது. அடிமடிப்புக்குள் ஒளிந்திருந்த தழும்பு மார்பின் மேல் ஏறி வந்து வெளியே தெரிந்தது. காம்புக்கும் மடிப்புக்கும் உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்தார் சர்ஜன். மூன்றாவது மாதக் குறிப்போடு ஒப்பிட்டால் நன்றாகவே கூடியிருந்தது. என் தோல் மெல்லியது, இம்ப்ளாண்ட் அதற்குக் கனம், மடிப்பும் கொஞ்சம் அதிகமாகத் திறந்திருந்தது என்றார்கள். ஒரு வருடம் முடிந்ததும் மறு ஆபரேஷன் செய்து, சவ்வைக் கீழ்ப்பக்கத்தில் உள்ளிருந்தே தைத்து, அளவையும் குறைத்து வைத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், மேலே நிற்பதைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுகிறார்கள். மேலே நிற்பது பெரும்பாலும் தானே சரியாகும். அளவுக்கு மீறி இறங்கியது தானாக மேலே ஏறாது. உங்களுடைய நல்ல இடதையும் கொஞ்சம் கவனியுங்கள் தங்கச்சி.

பணக் கணக்கையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மறு ஆபரேஷன் வந்தால் சர்ஜன் கட்டணம் யாருடையது, தியேட்டர் வாடகை, மயக்க மருந்துக் கட்டணம் யாருடையது என்று எழுத்தில் வாங்குவது நல்லது. என்னிடம் தியேட்டருக்கு வாங்கினார்கள், சர்ஜன் தனக்கு வாங்கவில்லை.

ஈரோட்டுக்காரி (புதன், காலை 8:45)

இந்தியாவிலும் அதேதான் அக்கா. அழகுக்காகச் செய்தால் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. மறு ஆபரேஷன் செலவை நான் முதலிலேயே கேட்டபோது அங்கிருந்தவர் முகம் சுளித்தார். கேட்டது நல்லதாகத்தான் போயிற்று.

அடையாறு ஆலம் (புதன், மதியம் 12:15)

நான் அழகுக்காகச் செய்தவள் இல்லை. இடதுபுறம் புற்றுநோய், மார்பகத்தை எடுத்துவிட்டு முதலில் எக்ஸ்பாண்டர் வைத்து, வாராவாரம் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றித் தோலை விரித்து, அப்புறம் இம்ப்ளாண்ட் மாற்றினார்கள். கதிர்வீச்சும் உண்டு.

எனக்கு அந்தப் பக்கம் இறங்கவே இல்லை, இறங்காது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். கதிர்வீச்சு பட்ட தோல் நெகிழாது, சவ்வு இறுகுவதற்கான வாய்ப்பும் அதிகம். ஒன்றரை வருடத்தில் கையால் தட்டினால் மரம் மாதிரி ஆகி, இம்ப்ளாண்ட் அக்குள் பக்கம் ஏறிக்கொண்டது. கடைசியில் அதை எடுத்துவிட்டு வயிற்றுத் திசுவை வைத்து மறு அமைப்புச் செய்தார்கள். ஆகவே இணையத்தில் "இறங்கவே இல்லை" என்று யாராவது எழுதியிருந்தால், அவருடைய உடம்பின் கதை என்ன என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். என் கதையும் மாடித்தோட்டத்தின் கதையும் ஒன்றல்ல.

கார்த்திகைப்பூ (புதன், மாலை 6:50)

மன்னிக்கவும், நடுவில் புகுந்து கேட்கிறேன். எனக்கு மூன்றாவது வாரம். மதியம் காலி சிலிண்டரை நகர்த்தினேன். அதற்கப்புறம் இடதுபுறம் வீங்கிக்கொண்டே போகிறது. மதியத்துக்கும் இப்போதுக்கும் நன்றாகவே வித்தியாசம் தெரிகிறது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கிறது, ஓரத்தில் நீலம் பாய்ந்திருக்கிறது, வலி தாங்கவில்லை. இதுவும் தசை முறுக்குதானா? வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?

வார்டு சிஸ்டர் (புதன், மாலை 6:53)

ஒத்தடம் வேண்டாம். உடனே கிளம்புங்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டு "ஒரு பக்கம் திடீரென்று வீங்கிவிட்டது" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள், ரிசப்ஷனில் நிறுத்தாமல் டூட்டி டாக்டரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அது தூரமென்றால் பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. காபி, தண்ணீர் எதுவும் குடிக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். ஆஸ்பிரின், புரூஃபென் மாதிரி மாத்திரை எதுவும் போடாதீர்கள். நீங்கள் வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். தலை சுற்றினால், மூச்சு வாங்கினால் 108.

தையல்காரர் (புதன், மாலை 7:01)

சிஸ்டர் சொன்னதுதான். இப்போதே போங்கள், பதில் எழுத நிற்க வேண்டாம்.

ஈரோட்டுக்காரி (புதன், இரவு 9:30)

கார்த்திகைப்பூ, போய்ச் சேர்ந்தீர்களா?

கார்த்திகைப்பூ (வியாழன், காலை 10:15)

சேர்ந்தேன். ராத்திரியே தியேட்டருக்குக் கொண்டுபோய் ரத்தக்கட்டியை எடுத்து, கசிந்த நாளத்தை அடைத்துவிட்டார்கள். அதே இம்ப்ளாண்டைக் கழுவித் திரும்ப வைத்திருக்கிறார்கள், இப்போது நீர் வடிய ஒரு ட்ரெயின் குழாய் இருக்கிறது. விட்டிருந்தால் தோலுக்கும் ஆபத்து, பின்னால் சவ்வு இறுகவும் வாய்ப்பு என்றார் டாக்டர். சிஸ்டருக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

வார்டு சிஸ்டர் (வியாழன், காலை 10:22)

ஒன்றும் சொல்ல வேண்டாம், தூங்குங்கள். சிலிண்டர் பக்கம் போகாதீர்கள்.

தையல்காரர் (வியாழன், மதியம் 1:30)

கார்த்திகைப்பூவின் பதிவை வைத்தே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் மற்றதைவிட மேலே, சற்று வெளியே, கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, வாரக்கணக்கில் அப்படியேதான் என்றால் ரிவ்யூ வரை பொறுக்கலாம். மணிக்கணக்கில் மாறினால் பொறுக்கக் கூடாது. காய்ச்சலோடு சிவப்பும் சூடும் வந்தாலும், தையல் பிரிந்து உள்ளே இருப்பது தெரிந்தாலும் அதே நாளில் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சிலது உண்டு: இரண்டு மார்பும் நெருங்கி வந்து நடு நெஞ்செலும்பின் மேலுள்ள தோல் தூக்கிக்கொள்வது, மல்லாந்து படுத்தால் இம்ப்ளாண்ட் முழுசாக அக்குளுக்குள் சரிவது, மார்புக்குக் கீழே இன்னொரு மடிப்பு விழுந்து இரட்டை மேடு தெரிவது. இவை அவசரம் இல்லை, ஆனால் ரிவ்யூ தேதி வரை காத்திராமல் முன்கூட்டியே போய்க் காட்டலாம். படுத்தால் லேசாக வெளிப்பக்கம் சரிவது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இடம் தப்பியதைச் சரிசெய்யும் ஆபரேஷனை அவசரப்பட்டுச் செய்யமாட்டோம். வீக்கம் முழுக்க வடிந்து, சவ்வு முதிர்ந்து, எது நிரந்தரம் என்று தெரிய ஆறு மாதமாவது வேண்டும். வீங்கிய திசுவில் போட்ட தையல் நிற்காது. இரண்டாவது மாதத்திலேயே "வாங்க, திறந்து சரி செய்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு இன்னொருவரிடமும் காட்டுங்கள். காட்டுகிற ஆள் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற பிளாஸ்டிக் சர்ஜரி மேற்படிப்பு படித்தவர்தானா என்று பாருங்கள். 'காஸ்மெட்டிக்' என்று பலகையில் போட்டவர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் சர்ஜன் இல்லை.

மாடித்தோட்டம் (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:00)

ரிவ்யூ முடிந்தது, எல்லோரும் கேட்டிருந்தீர்கள்.

பழைய படங்களைக் காட்டச் சொன்னேன். சர்ஜன் கம்ப்யூட்டரில் திறந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. வலதுபுற அடிமடிப்பு முதலிலிருந்தே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம்! விலா எலும்புக்கூடும் அந்தப் பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளியிருக்கிறது. இத்தனை வருடம் கண்ணாடி பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. "ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொன்னேனே" என்றார். சொல்லியிருக்கலாம், அன்றைக்கு இருந்த படபடப்பில் எது காதில் விழுந்தது? அந்த மடிப்பைக் கீழே இறக்கித்தான் வைத்திருக்கிறார், அதனால் அந்தத் தோல் இளக இன்னும் நாளாகும், அப்படியும் சின்ன வித்தியாசம் மிஞ்சும் என்றார்.

தொட்டுப் பார்த்து, இறுக்கம் தசையில்தான், சவ்வில் இல்லை என்றார். மேல்பக்கப் பட்டை கொடுத்திருக்கிறார், வலதுக்கு மட்டும் அழுத்தம் வரும்படி பஞ்சு வைத்து, பகலில் சில மணி நேரம். மசாஜ் வேண்டாமாம். மைனா, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

துணி காயப்போடுவதை நிறுத்தியதிலிருந்து மாலையில் வரும் இழுப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. மாமியார் தானே கொடியைக் கீழே இறக்கிக் கட்டிவிட்டார். கேள்வியும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம்.

புதிதாக ஒன்று. இடது மார்புக்குக் கீழே தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று வயிறு நோக்கி ஓடுகிறது, கையைத் தூக்கினால் இழுக்கிறது. ரிவ்யூ முடிந்த மறுநாள்தான் கவனித்தேன். இது என்ன?

பெங்களூர் மைனா (ஞாயிறு, மாலை 4:20)

கோபமெல்லாம் இல்லை. பட்டை கிடைத்ததா இல்லையா? அதுதானே நான் சொன்னேன்!

தையல்காரர் (ஞாயிறு, இரவு 8:15)

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மாண்டோர் நாண் போல் இருக்கிறது. தோலுக்கடியிலுள்ள சின்னச் சிரை அடைத்துக்கொண்டு நாண் போல் விறைப்பது. அடிமடிப்பு வெட்டுக்குப் பிறகு வருவதுண்டு, சில வாரத்தில் தானே மறையும். ஒரு படம் எடுத்து உங்கள் சர்ஜனுக்கு அனுப்பிவிடுங்கள், சிவந்து சூடானால் நேரில் போங்கள்.

படம் என்றதும் ஞாபகம் வருகிறது. தினமும் எடுத்துப் பார்க்காதீர்கள். வாரம் ஒரு தடவை, அதே இடம், அதே வெளிச்சம், கைகளைத் தொங்கவிட்டு, போன் மார்பு உயரத்தில். போன் கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு பக்கம் இறங்கிய மாதிரி தெரியும்.

சிங்கை மல்லி (ஞாயிறு, இரவு 9:10)

இம்ப்ளாண்ட் கார்டு கொடுத்தார்களா? கம்பெனி, மாடல், அளவு, வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். 2019-ல் அலர்கன் கம்பெனியின் பயோசெல் வகைச் சொரசொரப்பான இம்ப்ளாண்டுகளை, அவற்றோடு தொடர்புடைய அரிதான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் காரணமாக உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அப்போது என் தோழி ஒருத்திக்குத் தன் உடம்பில் இருப்பது எந்த வகை என்றே தெரியவில்லை. ஆஸ்பத்திரியை மூடிவிட்டிருந்தார்கள்.

தையல்காரர் (ஞாயிறு, இரவு 9:35)

ஆமாம். மாடித்தோட்டம், உங்களுடையது வழவழப்பானது, அந்தக் கவலை உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆனாலும் யாருக்கானாலும் ஆபரேஷன் முடிந்து வருடக்கணக்கு ஆனபின் ஒரு பக்கம் திடீரென்று நீர் கோத்து வீங்கினால், அந்த நீரைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. சிலிக்கான் உள்ளே சத்தமில்லாமல் கிழியலாம், கைக்குத் தெரியாது. அதனால் அமெரிக்காவின் மருந்து, மருத்துவச் சாதனக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஐந்தாறு வருடத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்று சொல்கிறது. ஆயுள் முழுக்கத் தாங்கும் என்று சொல்லி எந்த இம்ப்ளாண்டும் விற்கக் கூடாது, யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கார்த்திகைப்பூ (ஞாயிறு, இரவு 10:05)

நான் நலம். குழாய் எடுத்தாயிற்று. இப்போது இரண்டும் ஆளுக்கொரு உயரத்தில் நிற்கின்றன, ஆனால் பழகிவிட்டது. ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். தீபாவளிக்கு அக்கா பெண்ணின் நிச்சயதார்த்தம் வருகிறது. ஜாக்கெட் தைக்க இப்போதே அளவு கொடுக்கலாமா?

ஈரோட்டுக்காரி (ஞாயிறு, இரவு 10:12)

கொடுக்காதீர்கள்! நான் இரண்டாவது மாதம் தைத்த நான்கு ஜாக்கெட்டும் அக்குளில் தொங்கிக்கொண்டு மார்பில் பிடித்தன. அவ்வளவு சீக்கிரம் புது ப்ராவும் வாங்க வேண்டாம், சர்ஜிக்கல் ப்ராவையே துவைத்துத் துவைத்துப் போடுங்கள். டாக்டரின் பெயரே தையல்காரர்தானே, அவரையே கேளுங்கள்.

தையல்காரர் (ஞாயிறு, இரவு 10:30)

ஜாக்கெட் என் துறை இல்லை அம்மா. மூன்று மாதம் முடியட்டும். ரத்தக்கட்டி எடுத்ததால் உங்கள் இடதுபுற வீக்கம் வடிய இன்னும் தாமதமாகும். அதற்குள் விசேஷம் வந்துவிட்டால் முன்பக்கம் கொக்கி வைத்து, இரண்டு ஓரத்திலும் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.